பட்டாவில் சென்டும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் மக்கள் மெட்ரிக் அளவுகளையும் பழைய இம்பீரியல் அளவுகளையும் கலந்து புழங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். பெட்ரோலை லிட்டரில் வாங்கிவிட்டு, வண்டி காலனுக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்று கணக்குப் பார்ப்பதும், உடல் எடையை 14 பவுண்டு கொண்ட 'ஸ்டோன்' கணக்கில் சொல்வதும் நமக்கு வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் தங்கள் நாளிதழிலேயே பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் அடியிலும், நீர்வரத்து கன அடியிலும், மழையளவு மில்லிமீட்டரிலும் ஒரே செய்தியில் வருவதை நாம் கவனிப்பதே இல்லை. இந்தியா 1956-இலேயே சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறிய நாடு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அணைக் கணக்கில் இந்தக் கலப்பால் யாருக்கும் நட்டமில்லை. 48 அடி கொள்ளளவுள்ள அணையில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்றால், ஏலாக்களுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, எத்தனை நாள் தண்ணீர் வரும் என்பதை விவசாயிகள் உடனே சொல்லிவிடுவார்கள். மீட்டரில் சொன்னால் அவர்கள் விழிக்க வேண்டியதுதான்.

நிலத்தின் கதை வேறு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலத்துக்கு விலை பேசுவது சென்ட் கணக்கில். பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும், அதில் நூறில் ஒரு பங்கான 'ஏர்' என்ற அளவும். பரப்புக் கட்டத்தில் '0 - 10.00' என்று இருந்தால், அது பத்து ஏர் என்பதே பலருக்குப் பிடிபடுவதில்லை. பத்திர எழுத்தரான நான் இதை அன்றாடம் பார்க்கிறேன். தரகர் வாய்க்கணக்காக இரண்டரையால் பெருக்கி 25 சென்ட் என்று சொல்லிவிடுவார். சரியான கணக்கு 24.71 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், கூடுதலாகச் சொன்ன 0.29 சென்ட் ஏறத்தாழ 126 சதுர அடி, அதாவது ஓர் அறை அளவு நிலம். சென்டுக்கு லட்சக்கணக்கில் விலை பேசும் இடங்களில், இல்லாத அந்த அறைக்கும் வாங்குபவர் பணம் கொடுத்துவிடுகிறார். பின்னால் நில அளவர் வந்து அளக்கும்போது பழி பக்கத்து நிலத்துக்காரர் தலையில் விழுகிறது.

இந்த விஷயத்தில் பிரிட்டனிடம் நாம் கற்க ஒன்று உண்டு. பவுண்டு எடைக் கணக்கில் வாழைப்பழம் விற்ற சண்டர்லாந்து நகரத்து வியாபாரியை 2001-இல் குற்றவாளி என்று தீர்ப்பளித்த அளவுக்கு அங்கே சட்டம் கடுமையானது. ஆயினும் கிலோ விலைக்குப் பக்கத்தில் பவுண்டு விலையையும் எழுதிவைக்க அது தடை விதிக்கவில்லை. பாலங்களின் புதிய உயர எச்சரிக்கைப் பலகைகளிலும் மீட்டரும் அடியும் சேர்ந்தே இருக்கின்றன.

பட்டா இப்போது கணினியில் அச்சாகி வருவதால், ஏருக்கு அருகே சென்டையும், புல வரைபடத்தில் மீட்டருக்கு அருகே அடியையும் சேர்ப்பது பெரிய வேலையல்ல. சட்டப்படி செல்லுவது மெட்ரிக் அளவே என்று கீழே ஒரு குறிப்பும் போட்டுவிடலாம். வருவாய்த் துறையினர் இதற்கு ஆவன செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பத்திர எழுத்தர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.