அணை பலமாக இருக்கிறது, சரி. ஆற்றங்கரையில் இருக்கிற நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் திருநெல்வேலிப் பக்கத்து அணைகள் பற்றிய செய்தியை, 'அணைகள் பலமாக உள்ளன, மக்கள் அச்சப்படத் தேவையில்லை' என்று முடித்திருந்தீர்கள். நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரியைப் படித்து மனம் நொந்துபோனேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பாபநாசம் அணையும் உடையவில்லை, மணிமுத்தாறு அணையும் உடையவில்லை. ஆனாலும் சீவலப்பேரியில் எங்கள் வீட்டுக்குள் தாமிரபரணி ஆறு வந்தது. பிசானத்துக்கு, அதாவது மழைக்கால நெல் போகத்துக்கு, நட்ட வயல் மணல்மேடானது. கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கக்கூட நேரமில்லை. 'தண்ணீர் திறக்கிறோம்' என்று எங்கள் தெருவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. 1992 வெள்ளத்திலும் இதே கதைதான். அப்புறம் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், அறிவிப்பு கொடுத்தாயிற்று என்கிறார்கள். யாரிடம் கொடுத்தார்கள்?

வெள்ளத்தைப் பிடித்துவைத்து மெல்ல விட வேண்டுமானால் அணைக்குள் காலி இடம் வேண்டும். நம் அணைகள் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் கட்டியவை. நிரம்பினால்தான் பிசானம் தப்பும்; நிரம்பியபின் வருகிற வெள்ளம் அப்படியே கீழேதான் வரும். போதாததற்குச் சிற்றாறு என்கிற ஆறும் எங்கள் ஊரில்தான் தாமிரபரணியோடு சேருகிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

மணிமுத்தாறு நீர்மட்டம் 118 அடியில் இத்தனை என்று தினமும் போடுகிறீர்கள். அடியில் எவ்வளவு வண்டல் மேவிக் கிடந்தாலும் அளவுகோல் அதே அடியைத்தான் காட்டும். 1950-களில் கட்டியபோது கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. இன்று எவ்வளவு பிடிக்கிறது என்று தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மணிமுத்தாறு அணையின் கரையில் பெரும்பகுதி மண். மண்கரை என்றால் கசிவு இருக்கும். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று எங்கள் குளத்தில் நீர் பாய்ச்சுகிறவரே சொல்வார். கரைக்கு மேல் வழிந்தாலோ கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஷட்டர்கள் நினைத்த நேரத்தில் தூக்க வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறேன். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்கச் சொல்கிறது. ஆபத்து வந்தால் செய்யவேண்டியதற்கு அவசரகாலத் திட்டமும் வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தில் எங்கள் ஊர் பெயர் இருக்கிறதா? சொல்ல ஆளில்லை. ஆற்றுக்குள் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது, அதைக் கேட்கவும் ஆளில்லை.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். தினமும் வெளியிடும் அணை நிலவரக் கட்டத்தில் நீர்மட்டத்தோடு, அணை நிரம்ப இன்னும் எத்தனை மில்லியன் கன அடி பாக்கி, ஆற்றில் விநாடிக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் மழைக்காலம் முடியும்வரையாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
சீவலப்பேரி விவசாயி ஒருவர்