காற்று ஒட்டாத சுவர்

துபாய்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள முருகேசா,

நலம். வீட்டில் அனைவரும் நலம்தானே? பதினான்கு மாதம் வாய் திறக்காதவன் பக்கம் பக்கமாக எழுதினால் கடன் கேட்கத்தான் என்று நீ முடிவு கட்டியிருப்பாய். இம்முறை பணம் வேண்டாம். உன் கல்லூரி ஆய்வகம் வேண்டும்.

இங்கே நாங்கள் கட்டிக்கொண்டிருப்பது செங்குத்துக் காற்றுச் சுரங்கம். விமானத்திலிருந்து குதிக்காமலே மனிதன் காற்றில் மிதப்பதற்கான கண்ணாடி அறை. தலைகீழாகச் சுழன்று விழும் விமானங்களை ஆராய அமெரிக்காவின் லாங்லியில் 1941இல் எழுப்பிய சுரங்கத்தைப் பற்றி நம் ஆசிரியர் ஒரு வகுப்பு முழுவதும் பேசியதும், நீ பின்வரிசையில் தூங்கியதும் நினைவிருக்கிறதா? ஏறத்தாழ அதே ஏற்பாட்டில் இப்போது பிறந்தநாள் விழாவுக்கு வரும் குழந்தைகள் பறக்கப்போகிறார்கள்.

எங்கள் பறப்பறையின் விட்டம் 4.3 மீட்டர். குப்புறக் கிடக்கும் ஒருவரைத் தாங்க மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் போதும். அதற்கே நொடிக்கு 800 கன மீட்டர் காற்று அவ்வறையைக் கடக்க வேண்டும். தலைகீழாகப் பறப்பவருக்கு 250 வேண்டுமென்றால், தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். காற்று வெளியேறாமல் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவதால் விசிறிகள் தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. இந்த ஊர் வெயிலில் அதைக் குளிர்விப்பது தனிக் கதை.

என் தூக்கத்தைக் கெடுப்பது வெப்பமன்று, டிஃப்யூசர். பறப்பறைக்கு மேலே காற்றை மெல்ல விரித்து வேகத்தைக் குறைத்து விசிறிகளிடம் ஒப்படைக்கும் அந்தக் கூம்பு, 4.3 மீட்டரிலிருந்து 6.5 மீட்டராக விரிய, மொத்தக் கோணம் 7 பாகை என்றால் 18 மீட்டர் உயரம் கேட்கிறது. வளாகத்தின் உயர வரம்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. வரைபடக்காரர்கள் கோணத்தை 11 பாகையாக்கிக் கூம்பை பதினொன்றரை மீட்டருக்குள் அடக்கினார்கள். கூம்பு அவ்வளவு சட்டென்று விரிந்தால் காற்று சுவரை விட்டு விலகக்கூடும். கூட்டத்தில் நான் எதிர்த்தேன் என்று உனக்கு எழுத ஆசைதான். உண்மையில் ஒருமுறை இருமினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

சென்ற வாரம் முதன்முதலாக வேகத்தை ஏற்றினோம். 160 வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதைத் தாண்டியதும் விசிறிகளின் ஓசை ஏறி இறங்கி, மூச்சுத் திணறுபவனைப் போல ஆனது. உள்ளே மிதந்த பயிற்றுநர் கையைக் காலை அசைக்காமலே வடக்குப் பக்கக் கண்ணாடியை நோக்கி நகர்ந்தார். மூன்று முறை நடுவுக்கு வந்தார், மூன்று முறையும் அதே பக்கம். வெளியே வந்து, "யாரோ இடுப்பைப் பிடித்து இழுக்கிறார்கள்" என்றார்.

மறுநாள் கூம்பின் உட்சுவர் முழுவதும் விரல்நீள நூல்துண்டுகளை ஒட்டி, கேமராவை வைத்து ஓட்டினேன். மூன்று பக்கமும் நூல்கள் மேல்நோக்கிப் படிந்து நின்றன. வடக்குச் சுவரில், கீழ் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே, அவை துடித்துத் துடித்துத் தலைகீழாகத் தொங்கின; சில கீழ்நோக்கியே நீண்டன. காற்று அங்கே சுவரை விட்டு விலகித் திரும்பி ஓடுகிறது. பாடப்புத்தகத்தின் படம் அப்படியே என் கையெழுத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது, முருகேசா. அந்தக் காணொளியை இன்னும் மேலாளருக்கு அனுப்பவில்லை.

கூம்பை இடித்துக் கட்ட முடியாது. விலகல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சிறு தகட்டுத் துடுப்புகளைச் சாய்வாகப் பதித்தால், அவை எழுப்பும் சுழிகள் வேகமான காற்றைச் சுவரோரத்துக்கு இழுத்துவந்து மறுபடி ஒட்ட வைக்கும் என்று நம்புகிறேன். உயரம், இடைவெளி, சாய்வு மூன்றும் தெரியவேண்டும். இருபதில் ஒரு பங்கு அளவில் ஒரு கூம்பு செய்து உன் ஆய்வகக் காற்றுச் சுரங்கத்தில் ஓட்டிப் பார்ப்பாயா? சிறு மாதிரியில் காற்று ஓடும் விதம் அசலை ஒத்திருக்குமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் பொருந்தாது என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. எனக்கு முழு விடையும் வேண்டாம். எந்தத் துடுப்பு பயனற்றது என்று தெரிந்தாலே போதும். வரைபடங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிறன்று மேலாளரைப் பார்த்துக் காணொளியைக் கொடுத்துவிடுவேன். இதை உனக்கு எழுதிவிட்டதால் இனிப் பின்வாங்க முடியாது.

நூல் மட்டும் கறுப்பாக வாங்கு. இறுதியாண்டில் வெள்ளைச் சுவரில் வெள்ளை நூல் ஒட்டிய மேதை யார் என்பதை உன் மாணவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
சேகர்