மலைப் பாசியைச் சோலையிலிருந்து உரிக்க வேண்டாம், தட்டில் வளர்க்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பாசித் தோட்டம் அமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கண்ணாடிக் குடுவை, போன்சாய்த் தொட்டி, ஆர்க்கிட் தொங்கவிடும் மரத்துண்டு என எதில் படர்ந்தாலும் பாசிக்கு உள்ள அழகைக் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துச் சொல்லியிருந்தார். ஆனால் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்பவர்கள் அங்குள்ள மரங்களிலிருந்து ஒரு பை பாசியை எடுத்து வந்தால் போதும் என்ற பொருள்பட அதில் ஒரு வரி இருந்தது. நீலகிரியில் சிறிய நாற்றுப் பண்ணை நடத்தி, பாசியையும் பல ஆண்டுகளாக வளர்த்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்கு மறுப்பு எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். அப்படி எடுத்துச் செல்லும் பாசி பெரும்பாலும் பிழைப்பதில்லை. எடுத்த மரமும் எளிதில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவ்வாறு எடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

நான் குறிப்பிடுவது குளத்து நீரில் மிதக்கும் பாசியை அன்று. பள்ளித் தாவரவியலில் ஃபியூனேரியா என்று படித்தோமே, அந்த இனத்து நிலத் தாவரங்களை. இவற்றுக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் இருக்கும் வேரிழைகள் முக்கியமாகப் பிடிமானத்துக்கு உதவுபவை. இலைகள் பெரும்பாலும் ஒரே ஒரு செல் அடுக்குத் தடிமன் கொண்டவை. நீர் வெளியேறாமல் தடுக்கும் மெழுகுப் படலமும் மிக மெல்லியது. ஆகவே மழையையும் மூடுபனியையும் உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும் இத்தாவரம், காற்று உலர்ந்தால் தானும் உலர்ந்து, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்துக் கிடக்கும். எங்கள் பக்கத்துச் சாலையோர மண்சரிவுகளில் வளரும் போகோனேட்டம் என்ற பாசியை நண்பகலில் பார்த்தால், இலைகள் தண்டோடு ஒட்டிச் சுருண்டு, துருப்பிடித்த கம்பித் துண்டுகள் போல நிற்கும். உள்ளங்கையளவு நீர் தெளித்தால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனியிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டை விட்டு விலகி விரியும். சில நிமிடங்களில் அந்த இடம் முழுவதும் பச்சையாகிவிடும். கீழே கொண்டுபோகும் பாசி இறந்துவிட்டதை உடனே கண்டுபிடிக்க முடியாததற்கும் இதுதான் காரணம். காய்ந்திருக்கிறதா, செத்துவிட்டதா என்பது பார்வைக்குத் தெரியாது.

மலைப் பாசி சமவெளியில் ஏன் பிழைப்பதில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஈரமாக இருக்கும் வரை பாசி பகலில் உணவு தயாரிக்கிறது, இரவும் பகலும் சுவாசிக்கிறது. வெப்பம் கூடக் கூடச் சுவாசத்துக்குச் செலவாகும் உணவும் கூடும். உதகையில் ஆண்டின் வெப்பமான மாதங்களில்கூட இரவு வெப்பநிலை 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். மார்கழி, தை மாதங்களில் உறைநிலையைத் தொடுவதும் உண்டு. சென்னையில் மே மாத இரவு 27 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அந்தச் சூட்டில் மூடிய குடுவைக்குள் இரவு முழுவதும் நனைந்து கிடக்கும் மலைப் பாசி, வீட்டின் மங்கிய வெளிச்சத்தில் பகலெல்லாம் சேர்த்ததைவிட அதிகமாக இரவில் செலவழித்துவிடுகிறது. வரவுக்கு மேல் செலவு தொடர்ந்தால் எந்த உயிர்தான் தாங்கும்? முதலில் நுனி வெளுக்கும், பிறகு பழுப்பேறும், கடைசியில் பூசணம் பிடிக்கும். நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் தெளிப்பது இறப்பை விரைவுபடுத்துவதாகவே முடியும்.

சோலைக்காட்டில் நேரும் இழப்பு இதைவிடப் பெரிது. மரக்கிளைகளில் மெத்தையாகப் படிந்திருக்கும் பாசி மூடுபனியிலிருந்து நீரைப் பிடித்து மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. காற்றில் பறந்து வரும் ஆர்க்கிட் விதைகளும் பெரணி வித்துகளும் ஒதுங்கி முளைக்க இடம் தருவதும், பூச்சிகளுக்கும் சிறு தவளைகளுக்கும் ஈரம் தந்து காப்பதும் அந்த மெத்தைதான். கையால் இழுத்தால் ஒரு முழக் கிளையின் பாசி முழுவதும் ஒரே பாளமாக உரிந்து வந்துவிடும். அது மீண்டும் படியப் பல ஆண்டுகள் வேண்டும். சட்டமும் இதை அற்பமாக எண்ணவில்லை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், வனப்பொருள் என்பதற்கான வரையறையில் புல், கொடி, நாணல் ஆகியவற்றோடு பாசியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியும் காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்துச் செல்வது குற்றமே.

அப்படியானால் வளர்ப்பதற்கு முதல் பாசி எங்கிருந்து கிடைக்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். மலையில் வாழ்பவர்களுக்கு அது குப்பையாகவே கிடைக்கிறது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது, தண்டில் படிந்துள்ள பாசியைத் தொழிலாளர்கள் சுரண்டிக் கீழே தள்ளுகிறார்கள். பழைய ஓட்டுக் கூரையைச் சுத்தம் செய்யும்போதும், வாய்க்கால் ஓரத்தைச் செதுக்கும்போதும், தடுப்புச்சுவரைக் கழுவும்போதும் கூடை கூடையாகப் பாசி வெளியேறுகிறது. தோட்டக்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ கேட்டால் தயங்காமல் கொடுப்பார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மரப்பட்டையில் வளர்ந்த பாசி மண்ணில் நிலைப்பது அரிது, மண்ணில் வளர்ந்தது மரத்தில் பிடிப்பதும் அரிது. தேயிலைத் தண்டிலிருந்து எடுத்ததை மரத்துண்டிலும், சாலையோர மண் பாசியை மண்ணிலும், ஓட்டுப் பாசியை ஓட்டிலும் கல்லிலும் இடுவதே பலன் தரும்.

மண் பாசியை வளர்க்க, ஜப்பானில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள முறையையே நானும் பின்பற்றுகிறேன். பாசியை நிழலில் நன்றாக உலர்த்தி, அடியில் ஒட்டிய மண்ணை உதறி, இரு உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்துப் பொடியாக்க வேண்டும். தண்டின் துணுக்கும் இலையின் துணுக்கும் புதிய செடியாக வளரும் ஆற்றல் பாசிக்கு உண்டு என்பதால் வித்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டையுள்ள, ஆழம் குறைந்த நாற்றுத் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சலித்த செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து நிரப்பி, பலகையால் அழுத்தி மட்டமாக்க வேண்டும். எரு, யூரியா, சாம்பல், சுண்ணாம்பு எதுவும் கூடாது. நீலகிரி மண்ணின் இயல்பான புளிப்புத்தன்மையே இப்பாசிக்கு ஏற்றது; உரமிட்டால் பாசியை முந்திக்கொண்டு களைதான் எழும்பும். பொடியை மண் அரைகுறையாகத் தெரியும் அளவுக்குத் தூவி, மேலே மிக மெல்லிதாக மணலைச் சலித்து, கையால் அழுத்திவிட வேண்டும். மோரையோ தயிரையோ பாசியோடு சேர்த்து அரைத்துப் பூசும் குறிப்பு பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. பாசி பச்சை பிடிப்பதற்குள் பூசணம் பிடித்துவிடுவதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தென்மேற்குப் பருவமழையின் தொடக்கமே தூவுவதற்கு ஏற்ற காலம். தட்டுகளை நேரடி வெயில் படாத, ஆனால் திறந்த வானத்து வெளிச்சம் கிடைக்கும் இடத்தில் நிழல்வலைக்குக் கீழே வைக்கலாம். மழை இல்லாத நாட்களில் காலையில் ஒருமுறை பனித்தூறல் போல நீர் தெளித்தால் போதும். அதுவும் மழைநீராக இருப்பது நல்லது. குளோரின் கலந்த குழாய் நீரும் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் நாளடைவில் இலை நுனியில் வெண்மையாகப் படிந்து பாசியை நலிவடையச் செய்யும். சில வாரங்களில் மண்ணின் மேல் நூல் நூலாகப் பச்சைப் படலம் தோன்றும். அழுக்கு என்று நினைத்து அதைச் சுரண்டிவிடக் கூடாது. அதிலிருந்துதான் மொட்டுகள் கிளம்பித் தண்டாகும். தட்டு முழுவதும் மூட ஏறத்தாழ ஓராண்டு ஆகும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் பலர் காட்டுக்குப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

உறைபனிக் காலத்தில் தனிக் கவனம் வேண்டும். குளிர் இந்தப் பாசியைக் கொல்வதில்லை. மண்ணில் உள்ள ஈரம் இரவில் ஊசி ஊசியாக உறைந்து மேலெழும்பும்போது, பாசியையும் மண்ணை விட்டுத் தூக்கிவிடுகிறது என்பதுதான் தொல்லை. அப்படியே விட்டால் அடியில் காற்று புகுந்து, பகல் வெயிலில் காய்ந்து, காற்றில் பறந்துபோகும். பனி முழுவதும் உருகிய பிறகு உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பழையபடி மண்ணோடு ஒட்ட வைக்க வேண்டும். உறைந்திருக்கும்போது தொடக் கூடாது. அந்த மாதங்களில் மாலையில் நீர் தெளிக்காமல் இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். மற்றபடி புழு தேடிப் பாசியைப் புரட்டும் கோழிகளிடமிருந்தும் பறவைகளிடமிருந்தும் காக்க ஒரு வலையும், உதிர்ந்த இலைகளை அவ்வப்போது பொறுக்கி எடுக்க ஒரு கையும் போதும். தேயிலைக்கு அடிக்கும் செம்பு மருந்தின் சாரல் படாத இடமாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

சமவெளியில் வாழும் வாசகர்கள் மனம் தளர வேண்டாம். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுச் சுற்றுச்சுவரிலேயே பச்சையாகப் படர்வது பெரும்பாலும் ஹையோஃபிலா என்ற பாசி. அது வெயிலையும் சுண்ணாம்புக் காரையையும் தாங்கிப் பழகியது. நடைபாதைக் கல்லிடுக்கில் வெள்ளிப் பூச்சோடு தென்படும் பிரையம் அர்ஜென்டியம் அண்டார்க்டிகா முதல் வெப்பமண்டல நகரங்கள் வரை வாழக்கூடியது. மேலே சொன்னபடி இவற்றைப் பொடித்துத் தூவினால் சென்னையிலும் மதுரையிலும் பாசித் தட்டு கிடைக்கும். மூடிய குடுவையை விடுத்து, காற்றோட்டமான அகலத் தொட்டியில், இடையிடையே உலரவிட்டு வளர்க்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காட்டுப் பாசி வணிகத்துக்காக உரிக்கப்படுவதைக் கண்டு கவலையுற்ற சூழலியலாளர் நளினி நாட்கர்னி, 2004ஆம் ஆண்டு சீடர் கிரீக் சிறைவாசிகளோடு சேர்ந்து பாசியை வளர்க்கும் வழிகளை ஆராயத் தொடங்கினார். அங்கே சிறைக்குள் செய்ய முடிந்ததை இங்கே நம் அரசுப் பூங்காக்களில் செய்ய முடியாதா? 1848ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பெரணி இல்லம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஓரத்தில் சில வரிசைப் பாசித் தட்டுகளை வைத்து, வளர்க்கும் முறையை விளக்கி, வளர்ந்த தட்டுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கவும் ஏற்பாடு செய்தால், சாலையோரத்தில் பாசிப் பை விற்பவர்களுக்கும் தட்டு வளர்ப்பைக் கற்றுக்கொடுக்க ஓர் இடம் கிடைக்கும். குன்னூர் சிம்ஸ் பூங்காவிலும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் இதைத் தொடரலாம். தோட்டக்கலைத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அடுத்து வரும் ஞாயிறு இணைப்பில், மரத்திலிருந்து பாசி எடுக்கச் சொன்ன அந்த வரியைத் திருத்தி வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நீலகிரி வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.