மேட்டுக்காட்டில் எழும் சமுதாயக் கூடத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மார்களுக்கும், பிழைப்பின் பொருட்டுத் திருப்பூரிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவின் வணக்கம்.

பவானி கூடுதுறைக்குக் கீழே, மாரியம்மன் வாசலை ஒட்டிக் காவிரிக் கரையில் நின்ற நம் கூடம், 1968ஆம் ஆண்டு நம் பாட்டன்மார் கரட்டுக் கல்லை மாட்டு வண்டியில் ஏற்றிவந்து, ஒருவருக்கும் கூலி கொடுக்காமல் தாங்களே கட்டியது. அம்மன் திருவிழாவில் பூச்சாட்டு முதல் மறுபூசை வரை ஊருக்கே அங்குதான் சோறு பொங்கியது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி வந்தபோது சன்னல் வரை தண்ணீர் நின்றது. 2022 ஆகஸ்டில் வடக்குச் சுவரே சாய்ந்தது. அன்னதானத்திற்கு வைத்திருந்த 14 சிப்பம் அரிசி ஊறி நாறியது. அடியில் 1968 என்று வெட்டிய பெரிய அண்டா, பத்து நாள் கழித்துச் சீமைக் கருவேல முள்ளுக்குள் கவிழ்ந்து கிடந்தது.

இடிந்த இடத்திலேயே கட்ட வேண்டும் என்று ஒரு சாரார் சொன்னதால் ஊர்க் கூட்டம் மூன்று முறை கூடியது. அணை இருக்கும்போது பயம் எதற்கு என்று கேட்டார்கள். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, மேட்டூரும் 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதன்றி வேறு வழியில்லை. பவானிசாகரும் திறந்தால் இரண்டு ஆறும் கூடி நம் கரைக்குத்தான் வரும். வெள்ளத்தில் ஆற்றோரத் தெருக் குடும்பங்களைத் தங்கவைக்க வேண்டிய கூடமே முதலில் முழுகியதை மறந்துவிட முடியாது. "ஆத்தா தண்ணிக்குள்ள நிப்பா, கைக்கொழந்தைய நிறுத்த முடியுங்களா?" என்று ஒரு பாட்டி கேட்ட பிறகு யாரும் பேசவில்லை. கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடம் மேட்டுக்காட்டிற்குப் போகிறது. மனம் ஆறாத பெரியவர்களுக்காகப் பழைய வாசற்கால் நிலையைப் பெயர்த்துப் புதிய கூடத்தில் வைக்கிறோம்.

மொத்தச் செலவு 38,00,000 ரூபாய். 212 தலைக்கட்டுக்கு 5,000 வீதம் வரி 10,60,000 முழுவதும் வந்துவிட்டது, நன்கொடை 10,80,000. இன்னும் 16,60,000 வேண்டும்.

பன்னிரண்டு சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெயர்ப் பலகையும் வேண்டாமென்ற குடும்பத்தாருக்கும், ஒரு நாள் கூலியை அப்படியே தந்த ஜமக்காளத் தறிக்காரர்களுக்கும், மஞ்சள் விற்ற கையோடு மண்டியிலிருந்தே பணம் அனுப்பிய தோட்டத்தாருக்கும், சீட்டுப் பணத்தில் சிமெண்ட் வாங்கித் தந்த மகளிர் குழுவினருக்கும், பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்ததை அனுப்பிய பிள்ளைகளுக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது. அம்மன் அவர்கள் குலத்தைக் காப்பாள்.

கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொல்லி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, இன்னும் செலுத்தாதவர்கள் 23 பேர்; பாக்கி 4,75,000. பெயர்களை இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். வரி கட்டுவதற்காக ஆட்டுக்குட்டியை விற்ற வீடும் இதே ஊரில்தான் இருக்கிறது.

வைகாசி 20ஆம் தேதி தளம் போட நாள் குறித்தாயிற்று. ஆடிப் பதினெட்டுக்குள் கூரை நிற்காவிட்டால் இந்த மழைக்கும் ஆற்றோரத் தெருக் குடும்பங்கள் பள்ளிக்கூடத் திண்ணையில்தான் படுக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி மாலையில் பொருளாளர் கோயிலில் இருப்பார். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். சென்ட்ரிங் பலகை நாள் வாடகையில் நிற்கிறது.