மெகாவாட் சரி, யூனிட் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்று செய்தி போடுகிறீர்கள், சரி, ஆனால் அது எல்லாக் காற்றாலையும் ஒரே நேரத்தில் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கும் கணக்கு என்று ஒரு வரி சேர்த்துப் போடக்கூடாதா? நான் ஆரல்வாய்மொழிக்காரன். ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் கொடியில் காயப்போட்ட வேட்டி நிற்காது. அப்போது ராப்பகலாகச் சுற்றும் அதே காற்றாலைகள் ஐப்பசியில் பல நாள் சும்மா நிற்கும்.

முப்பந்தல் பக்கம் இன்னும் இருக்கிற பழைய 250 கிலோவாட் காற்றாலை ஒன்று 24 மணி நேரமும் முழுசாக ஓடினால் 6,000 யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). வருடச் சராசரியில் அதில் கால்வாசி வந்தாலே நல்ல விஷயம்.

காற்று பாதியாகக் குறைந்தால் மின்சாரமும் பாதியாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, காற்றிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். (இது தெரியாமல் மச்சானிடம் பந்தயம் கட்டித் தோற்றவன் நான்.) அதனால் மெகாவாட்டோடு நிறுத்தாமல், அந்தந்த மாதம் எத்தனை யூனிட் வந்தது என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி