இழுக்குமா என்று கேட்ட அப்பாவுக்கு

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா
12 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போது எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. "நாலு சிலிண்டர் வண்டியை வைத்துக்கொண்டு வீட்டை இழுத்துக்கொண்டு மலை ஏறப்போகிறாயா?" என்றீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். முப்பது வருடம் லாரி ஓட்டியவரிடம் "அதெல்லாம் இழுக்கும்" என்று சொன்னால் எடுபடாது, எடைக்கணக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இப்போது போய்வந்தும் ஆயிற்று, கணக்கும் கையில் இருக்கிறது. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

வண்டி 1999ஆம் ஆண்டு டொயோட்டா டக்கோமா பிக்கப். 2.4 லிட்டர் இன்ஜின், 142 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஐந்து கியர், பின் சக்கர இழுவை. டிரெய்லரும் அதில் ஏற்றிய சாமானுமாக 3,500 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ வரை இழுக்கலாம் என்று அதன் கையேடு சொல்கிறது. இந்த ஊர் நெடுஞ்சாலைகளில் இழுவைக்கென்று ஓடும் எட்டு சிலிண்டர் பிக்கப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எங்கள் வண்டி பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத்தான் தெரியும். ஆனால் பின்னால் கட்டியிருக்கும் வீடும் அதற்கேற்ற வீடுதான். பதின்மூன்று அடி நீளத்தில், ஃபைபர் கிளாஸால் முட்டை வடிவத்தில் வார்த்த பழைய டிரெய்லர் அது. இந்த வகை டிரெய்லரின் கதை உங்களுக்குப் பிடிக்கும். கனடாவின் வின்னிபெக் நகரில் ஃபைபர் கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி செய்துகொண்டிருந்த ரே ஒலெக்கோ என்பவர், அதே பொருளில் இலேசான வீடு ஒன்றையும் வார்க்கலாமே என்று யோசித்து, 1968இல் போலர் என்ற பெயரில் கொண்டுவந்ததாம். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு ஓடுகளை வார்த்து நடுவில் ஒட்டிவிடுகிறார்கள். மரச்சட்டமும் கிடையாது, கூரையில் நீள நீளமான மூட்டுகளும் கிடையாது என்பதால் எடையும் குறைவு, மழைநீர் ஒழுகும் இடமும் குறைவு. "செப்டிக் டேங்கில் படுத்துத் தூங்கப்போகிறோம்" என்று உங்கள் மாப்பிள்ளை இன்னும் கேலி செய்துகொண்டிருக்கிறார்.

வெறும் டிரெய்லர் 1,500 பவுண்டு. சாமான்களை ஏற்றியபின் லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடை மேடையில் நிறுத்திப் பார்த்தோம். 1,960 பவுண்டு காட்டியது. பிக்கப், நாங்கள் இருவர், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 5,420. தண்ணீர்தான் கண்ணுக்குத் தெரியாத பாரம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இந்த ஊர் காலன் ஒன்றுக்கு எட்டு பவுண்டுக்கு மேல் வருகிறது. பன்னிரண்டு காலன் தொட்டியை நிரப்பினாலே நூறு பவுண்டு ஏறிவிடும். இப்போதெல்லாம் தொட்டியைக் காலியாகவே கொண்டுபோய், இறங்கும் இடத்தில்தான் நிரப்புகிறோம்.

ஆனால் மொத்த எடையை விட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பாடம் கற்பித்தது. முதல் நாள் ஒத்திகை ஓட்டத்தில், கையில் அகப்பட்டதையெல்லாம், கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலிகள், உதிரி பேட்டரி என்று அத்தனையையும் டிரெய்லரின் பின்பக்கத்து இருக்கைக்கு அடியில் திணித்திருந்தோம். ஐம்பது மைல் வேகத்தில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்துபோனபோது டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் ஒதுங்கி, பிறகு வலப்பக்கம் வந்து, மறுபடி இன்னும் அதிகமாக இடப்பக்கம் போயிற்று; கண்ணாடியில் அது நாய் வாலாட்டுவதைப் போலத் தெரிந்தது, ஸ்டீரிங்கில் கை நடுங்கியது. பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடும் என்று படித்திருந்தது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கின் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்தினேன். நாலைந்து விநாடியில் அடங்கிவிட்டது. பிழை முழுக்க முழுக்க எங்களுடையது.

வீட்டுக்கு வந்ததும், குளியலறையில் எடை பார்க்கும் தராசை எடுத்துவந்து சமதரையில் வைத்தோம். டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, ஜாக்கை மெதுவாக இறக்கி, மூக்கின், அதாவது பிக்கப்போடு பூட்டும் முன்முனையின், பாரம் முழுவதையும் அந்த மரத்துண்டில் இறங்கவிட்டோம். மரத்துண்டின் எடையைக் கழித்தால் 112 பவுண்டு. மூக்கில் மொத்த எடையின் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது இங்குள்ள பொதுக் கணக்கு. எங்களுடையது ஆறு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பின்பக்கத்தில் இருந்தவற்றை ஆக்ஸிலுக்கு முன்னால் நகர்த்தி மீண்டும் நிறுத்தினோம்: 230. ஒரு பொருளையும் குறைக்கவில்லை, இடம் மட்டும்தான் மாறியது. அதன் பிறகு எத்தனை லாரி கடந்துபோனாலும் டிரெய்லர் இலேசாகத் தோளைக் குலுக்குவதோடு சரி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த 230 பவுண்டு பிக்கப்பின் பின் ஆக்ஸில் மீதுதான் உட்காருகிறது. ஆகவே பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏற்றும் சாமான் பாரத்தில் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. இழுப்பது சரி, நிற்குமா? 1,500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள இப்படிப்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். எங்களுடையது மின்சார பிரேக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது; நான் மிதித்ததும் அதில் மின்சாரம் பாய்ந்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தோடு அது ஒட்டிக்கொள்ள, டிரம் இழுக்கிற இழுப்பில் ஒரு கரம் நகர்ந்து பிரேக் ஷூக்களை விரிக்கிறது. எவ்வளவு வலுவாகப் பிடிக்க வேண்டும் என்பதை என் முழங்காலுக்கு அருகே உள்ள சிறு பெட்டியில் திருகி வைத்துக்கொள்ளலாம். டிரெய்லர் ஒருவேளை கழன்றுபோனால், மெல்லிய கம்பி ஒன்று ஊசியைப் பிடுங்கி, டிரெய்லரிலேயே உள்ள பேட்டரியால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். அதற்கும் மேலாக இரண்டு சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போடுகிறோம். மூக்கின் நுனியில் உள்ள கப்ளர் என்ற பூட்டு, பிக்கப்பின் பின்னால் உள்ள இரும்புப் பந்திலிருந்து நழுவினாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். கப்ளரைப் பூட்டியபின் ஜாக்கால் மூக்கைச் சற்று உயர்த்திப் பார்ப்பது என் வழக்கம். பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழுந்தால் பந்து சரியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகுதான் சியரா நெவாடா மலையைக் கடந்து டிரக்கீ என்ற ஊருக்குப் புறப்பட்டோம். சாக்ரமெண்டோ கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில் இருக்கிறது; 80ஆம் எண் நெடுஞ்சாலை டோனர் உச்சியில் 7,239 அடியைத் தொடுகிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இங்கே உச்சவேகம் 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான். இந்தச் சட்டத்தை எங்களுக்காகவே எழுதினார்களோ என்று தோன்றும். 65இல் போனால் காற்றின் எதிர்ப்பு 55இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, சமவெளியில் எங்கள் இன்ஜினுக்கு எதிரி எடையல்ல, இந்தக் காற்றுச் சுவர்தான். ஐந்தாவது கியரை நான் தொடவே இல்லை. காலன் ஒன்றுக்கு 24 மைல் ஓடும் வண்டி டிரெய்லரோடு 15 மைல்தான் ஓடியது.

கோல்ஃபாக்ஸ் தாண்டியபின் ஏற்றம் வந்தது. நான்காவது கியரில் இன்ஜின் முக்கத் தொடங்கியதுமே மூன்றாவதுக்கு இறங்கிவிட்டேன். "முக்கவிட்டு ஓட்டாதே, சுத்தவிட்டு ஓட்டு" என்று நீங்கள் கிளீனர் பையன்களிடம் சொல்வதை இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்ட பிள்ளை அல்லவா நான்? நிமிடத்துக்கு 3,700 சுற்று, 45 மைல் வேகம், வலது ஓரப்பாதை. சத்தம் அதிகம்தான், ஆனால் வருத்தமான சத்தம் அல்ல. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் திறன் குறையும். உச்சியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாப்பிள்ளை வழிநெடுக இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது நடுக்கோட்டை விட்டு ஒரு நூல் எழுந்ததும் ஏசியை அணைத்து, இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுக்க ஹீட்டரைப் போட்டோம். வெயிலில் ஹீட்டர்! வியர்த்துக் கொட்டியது, முள் பழைய இடத்துக்கு வந்தது.

திரும்பி வருகையில், சாக்ரமெண்டோ பக்கம் இறங்கும்போது எமிக்ரன்ட் கேப் என்ற இடத்தின் வழியாக வந்தோம். குடிபெயர்ந்து வந்தவர்களின் கணவாய் என்று பொருள். 1845 வசந்தத்தில் மூடுவண்டிகளில் மலையைக் கடந்து வந்தவர்கள், அந்தச் சரிவில் வண்டியை ஓட்டி இறக்க வழியில்லாமல், கயிறு கட்டிக் கீழே பேர் பள்ளத்தாக்குக்குள் இறக்கினார்களாம். அந்தச் சரிவை நினைத்துக்கொண்டு மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற உங்கள் விதிப்படிதான். வேகம் கூடினால் பிரேக்கை ஒருமுறை உறுதியாக மிதித்து 40க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுவேன். அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளஞ்சூடுதான், கருகல் வாடை இல்லை.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஸ்டீரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்கிறார்கள், கேட்க எளிது. குட்டி டிரெய்லர் நீண்டதை விட வேகமாக மடங்கிவிடுகிறது, நான் திருத்துவதற்குள் அது எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். டிரக்கீயில் நான்கு தடவை முன்னும் பின்னும் போய், கிளட்ச் வாடை வந்ததும் விட்டுவிட்டோம். பிறகு டிரெய்லரைக் கழற்றி இரண்டு பேருமாகக் கையால் தள்ளித்தான் இடத்தில் சேர்த்தோம். நீங்கள் இங்கு வரும்போது அந்த வேலை உங்களுடையது. ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் நாங்கள் மெதுவாகத்தான் போகிறோம் என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்