ஆண்டறிக்கை: வால்வு ப்ரீஆம்ப்பும் பழைய டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பும்

அவையோருக்கு வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தாவில் மாற்றமில்லை.

இந்த ஆண்டு நம் பட்டறை மேசைக்குத் திரும்பத் திரும்ப வந்தது ஒரே புகார்தான். வால்வு (வெற்றிடக் குழல்) ப்ரீஆம்ப்பை, அதாவது சிக்னலை முதலில் வாங்கி ஒலியளவைச் சீராக்கும் பெட்டியை, ஸ்பீக்கரை ஓட்டும் பழைய டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்போடு சேர்த்ததும் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த கீழ்ஸ்தாயி ஒலி) மெலிகிறது. வால்யூம் குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் காதைப் பிளக்கிறது. உடனே வால்வை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. குறை இரண்டு பெட்டிகளும் சேருமிடத்தில் இருக்கிறது.

1967-இல் வந்த குவாட் 303 டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) 22 கிலோ ஓம், சுருக்கமாக 22 கே. அரை வோல்ட் கொடுத்தாலே முழு 45 வாட்டும் வந்துவிடும். 100 கே லோடு போட்ட 12ஏஎக்ஸ்7 என்ற ப்ரீஆம்ப் வால்வின் பிளேட்டிலிருந்து (சிக்னல் வெளிவரும் முனை) நேராக எடுத்தால் அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 38 கே. சிக்னலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடும், டிஸ்டார்ஷனும் ஏறும். கடைசியில் 12ஏயு7 வால்வால் கேத்தோடு ஃபாலோயர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும் சுற்று) ஒன்று வைத்தால் அது ஐந்நூறு ஓமை ஒட்டி இறங்கிவிடும். பவர் ஆம்ப்பின் இன்புட் இம்பீடன்ஸ் ப்ரீஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும்.

தொப்பி மெலிவதற்குக் காரணம் ப்ரீஆம்ப்பின் அவுட்புட் கப்ளிங் கண்டன்சர்; டிசியைத் தடுத்து ஒலி சிக்னலை மட்டும் வெளியே விடுவது அது. 470 கே இன்புட் உள்ள வால்வு பவர் ஆம்ப்பை நினைத்துப் போட்ட 0.1 மைக்ரோஃபாரட், 22 கே-க்கு முன்னால் 72 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் இறக்கிவிடும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் அது 7 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 400 வோல்ட் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் கண்டன்சராக வாங்குங்கள். அதற்கு மேல் பெரிதாக்கினால் ஸ்விட்ச் போடும்போது வரும் 'தும்' சத்தம்தான் பெரிதாகும். கண்டன்சருக்குப் பின்னால் 1 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தரைக்கு இறக்கி, பவர் ஆம்ப்பைக் கழற்றிவிட்டு டிசி அளக்கவும். சூடேறி நிலைத்த பின்னும் 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கண்டன்சர் கசிகிறது, தயங்காமல் மாற்றுங்கள்.

சத்தம் அதிகமென்றால் பவர் ஆம்ப்பின் முனையில் சிறு பேட் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) போதும்: தொடரில் 22 கே, அதன்பின் தரைக்கு 10 கே. ஏறத்தாழ 12 டெசிபெல் குறையும், ப்ரீஆம்ப் பார்க்கும் சுமையும் 29 கே ஆகிவிடும், வால்வின் இரைச்சலும் அதே அளவு அடங்கும். ஒரு ரூபாய் ரெசிஸ்டர்கள் செய்கிற இந்த வேலையை எந்த விலையுயர்ந்த வால்வும் செய்யாது. கேபிளின் கப்பாசிட்டன்ஸ் மேல்ஸ்தாயியைத் தின்றுவிடும் என்பதால் பேட்டை ப்ரீஆம்ப் பக்கம் வைக்க வேண்டாம்.

ப்ரீஆம்ப்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பவர் ஆம்ப்பைப் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். 303-இன் அவுட்புட்டில் கண்டன்சர் இருப்பதால் டிசி ஸ்பீக்கருக்குப் போகாது. நேரடி இணைப்புள்ள ஆம்ப்களில் அந்தக் காப்பு இல்லை; ப்ரீஆம்ப்பில் 30 முதல் 60 விநாடி தாமதமுள்ள மியூட் ரிலே (தொடக்கத்தில் அவுட்புட்டைத் தானே அடக்கிவைக்கும் ஸ்விட்ச்) அவசியம்.

பல ஆண்டு கிடந்த ஆம்ப்பை 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்தே முதலில் உயிர்ப்பிக்க வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றில் சிக்னல் கேபிள் செருகும் பல முனை டின் (DIN) சாக்கெட் கறுத்துப்போகும். ஒரு சேனல் வந்து வந்து போனால் முதலில் அதைத் துடையுங்கள். ஹம் (மின்சார இரைச்சல்) வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவதை இந்தச் சங்கம் ஒருபோதும் ஏற்காது. ப்ரீஆம்ப்பின் சிக்னல் தரைக்கும் சேசிஸுக்கும் (உலோகப் பெட்டி) நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள், சேசிஸ் எர்த்திலேயே இருக்கட்டும்.

வரும் ஆண்டில் உறுப்பினர்களின் பவர் ஆம்ப்களை அளந்து பதிவேடு ஒன்று தொடங்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்து, தொடரில் 100 கே பாட் (குமிழ் திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, அவுட்புட் பாதியாகும் வரை திருப்பி, பாட்டைக் கழற்றி அளந்தால் அதுவே இன்புட் இம்பீடன்ஸ். மேற்சொன்ன ரெசிஸ்டர், கண்டன்சர்களை ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்குகிறோம். தேவைப்படுவோர் பொருளாளரிடம் எழுதிக் கொடுக்கவும்.

செயலாளர்
சென்னை